ஆறு மாதக் குளிசை, 26 நாள் பேர்



போன மழைக்காலத்தில் எங்கள் பாடசாலையில் தரம் 7இல் படிக்கும் ஒரு பிள்ளை இரண்டு வாரமாக வரவில்லை. லயத்துக்குப் போய்ப் பார்த்தோம். அம்மா காம்பராவில் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். பிள்ளைதான் தம்பியைப் பார்த்துக்கொண்டு சமைத்துக்கொண்டிருந்தது. மூன்று மாதமாக இருமல் என்றார்கள். "பனி டீச்சர், மலையில நனைஞ்சது" என்றார் அம்மா.

அது பனி இல்லை என்பது அவருக்கே தெரியும். முந்தின வருடம் அவருக்குக் காசநோய் என்று கண்டுபிடித்து மருந்து தொடங்கியிருந்தார்கள். இரண்டு மாதம் ஒழுங்காகக் குடித்திருக்கிறார். இருமல் நின்றது, உடம்பு தேறியது, மறுபடியும் கூடையைத் தூக்கினார். அதற்குப் பிறகு வாராவாரம் டவுன் ஆஸ்பத்திரிக்குப் போய்க் குளிசை எடுத்து வர ஒரு நாள் பேர் போனது. பஸ் காசும் போனது. பீலிக்கரையில் குடத்தைத் தள்ளி வைக்கிறார்கள் என்ற மனக்கஷ்டம் வேறு. மூன்றாவது மாதத்தில் நிறுத்திவிட்டார். "சொகமாயிருச்சுன்னுதான் நெனச்சேன். பேர் போனா யார் டீச்சர் தருவா?" என்று எங்களிடம் கேட்டார்.

மீண்டும் சளியைப் பரிசோதிக்கக் கொடுத்தோம். இப்போது உள்ள இயந்திரம் சுமார் இரண்டு மணித்தியாலத்தில் இரண்டு விடயங்களைச் சொல்லிவிடும். ஒன்று, கிருமி இருக்கிறதா என்பது. மற்றது, காசநோய்க்கான முக்கிய மருந்தான ரிஃபாம்பிசினுக்கு அந்தக் கிருமி அடங்குமா, அடங்காதா என்பது. முடிவு வரும் வரை அந்த அம்மாவை விட நாங்கள்தான் அதிகம் பயந்தோம். நல்ல வேளையாக, கிருமி மருந்துக்கு அடங்கும் என்றே முடிவு வந்தது. இன்று அவர் மறுபடியும் மருந்தில் இருக்கிறார், பிள்ளை பாடசாலைக்கு வருகிறது.

ஆனால் அவர் தப்பியது அதிர்ஷ்டத்தால். எமது ஏற்பாட்டினால் அல்ல. முடிவு மறுபக்கமாக வந்திருந்தால் என்ன நடந்திருக்கும், அப்போது தேவைப்படும் புதிய மருந்துகள் எங்கிருந்து வந்தன, அவற்றை யார் கண்டுபிடித்தார்கள், யார் போராடி விலையைக் குறைத்தார்கள், இவற்றுக்கும் எமது செக்ரோலுக்கும் என்ன சம்பந்தம் என்பதைப் பேசவே இந்தக் கட்டுரை.

கிருமி எப்படி மருந்துக்கு அடங்காமல் போகிறது?

தொடர்ந்து ஒரே களைகொல்லியை அடித்தால் என்ன நடக்கும் என்பது மலையில் வேலை செய்யும் எமக்குத் தெரியும். புல் எல்லாம் கருகும். ஆனால் எங்கோ ஓரிரு புல் சாகாமல் நிற்கும். அடுத்த மழைக்கு அந்தப் புல்லே பெருகி மலையை மூடும். பிறகு அதே மருந்தை எத்தனை டாங்கி அடித்தாலும் பயனில்லை.

நெஞ்சுக்குள்ளும் இதுதான் நடக்கிறது. நோய்ப்பட்ட நுரையீரலில் கோடிக்கணக்கான கிருமிகள் இருக்கும். அவற்றில் மிகச் சில இயற்கையாகவே ஏதாவது ஒரு மருந்தைத் தாங்கக்கூடியவை. ஒரே மருந்தைக் கொடுத்தால் மற்றவை செத்து, தாங்கும் கிருமிகள் மட்டும் பெருகும். அதனால்தான் முதல் இரண்டு மாதமும் ஐசோனியசிட், ரிஃபாம்பிசின், பைரசினமைட், எதாம்பியூட்டோல் என்று நான்கு மருந்துகளைச் சேர்த்துத் தருகிறார்கள். அதன் பிறகு நான்கு மாதம் இரண்டு மருந்து. மொத்தம் ஆறு மாதம். இருமல் நின்றுவிட்டது என்பதற்காகக் கிருமி முடிந்துவிட்டது என்று அர்த்தமில்லை. மெதுவாக வளரும், பதுங்கியும் கிடக்கும் கிருமி இது. கடைசி நான்கு மாதமும் அந்தப் பதுங்கியவைகளுக்காகத்தான்.

ரிஃபாம்பிசின், ஐசோனியசிட் ஆகிய இரண்டுக்கும் அடங்காமல் போனால் அதைப் பல்மருந்து எதிர்ப்புக் காசநோய் என்கிறார்கள். இதில் ஒன்றை மறக்கக்கூடாது. அடங்காத கிருமியும் காற்றில்தான் பரவுகிறது. ஒரு குளிசையைக்கூடத் தவறவிடாத, ஏன், ஒரு குளிசையைக்கூடக் குடித்தே இராத ஒருவருக்கும் அது நேராகத் தொற்றலாம். ஆகவே "மருந்தை ஒழுங்காகக் குடிக்காதவன் பட்டுக்கொள்ளட்டும்" என்ற பேச்சு நியாயமும் இல்லை, உண்மையும் இல்லை.

உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கின்படி 2023ஆம் ஆண்டில் உலகில் ஒரு கோடியே 8 இலட்சம் பேர் காசநோயால் பாதிக்கப்பட்டார்கள். 12 இலட்சத்து 50 ஆயிரம் பேர் இறந்தார்கள். அந்த ஆண்டு மருந்துக்கு அடங்காத வகை ஏற்பட்டவர்கள் சுமார் 4 இலட்சம் பேர். அவர்களில் பாதிப் பேருக்குக்கூட அதற்குரிய சிகிச்சை கிடைக்கவில்லை.

நாற்பது வருட மௌனம்

காசநோய்க்கு முதலாவது நல்ல மருந்து ஸ்ட்ரெப்டோமைசின். 1943இல் அமெரிக்காவில் ரட்கர்ஸ் பல்கலைக்கழகத்தில் அல்பர்ட் ஷாட்ஸ் என்ற இளம் மாணவர் மண்ணில் வாழும் நுண்ணுயிரிலிருந்து அதைப் பிரித்தெடுத்தார். நோபல் பரிசு 1952இல் அவருடைய பேராசிரியர் செல்மன் வாக்ஸ்மனுக்கு மட்டும் கிடைத்தது. உழைத்தவர் ஒருவர், பேர் விழுந்தது இன்னொருவருக்கு. இது எமக்குப் புதிய கதை அல்ல.

அந்த மருந்தைத் தனியாகக் கொடுத்தபோது நோயாளர்கள் முதல் சில மாதம் தேறினார்கள். பிறகு பலருக்குக் கிருமி மருந்துக்குப் பழகி, நோய் திரும்பியது. அந்த அனுபவத்திலிருந்துதான் மருந்துகளைச் சேர்த்துக் கொடுக்கும் முறை பிறந்தது. 1952இல் ஐசோனியசிட் வந்தது. 1960களில் ரிஃபாம்பிசின் வந்தது. அதன் பிறகு நாற்பது வருடத்துக்கு மேலாகக் காசநோய்க்கென்று ஒரு புதிய வகை மருந்துகூடப் பாவனைக்கு வரவில்லை.

ஏன்? விஞ்ஞானம் வளரவில்லையா? அந்த நாற்பது வருடத்தில் மனிதன் நிலவில் கால் வைத்தான், கையடக்கத் தொலைபேசி வந்தது. காசநோய் மருந்து மட்டும் வரவில்லை. காரணம் வெளிப்படையானது. பணக்கார நாடுகளில் நோய் குறைந்துவிட்டது. மிஞ்சியவர்கள் சுரங்கத் தொழிலாளர்கள், சேரி மக்கள், சிறையில் இருப்பவர்கள், நெருக்கமான குடியிருப்புகளில் வாழும் எம்மைப் போன்றவர்கள். இவர்களுக்கு மருந்து விற்றால் பெரிய இலாபம் வராது. மருந்து வியாபாரத்தின் கணக்குப் புத்தகத்தில் எமது நெஞ்சுக்கு விலை இல்லை.

அதனால் மருந்துக்கு அடங்காத காசநோய் வந்தவர்கள் மிகப் பழைய, நச்சுத்தன்மை கூடிய மருந்துகளையே எடுக்க வேண்டியிருந்தது. ஒன்றரை வருடம், இரண்டு வருடம் சிகிச்சை. மாதக்கணக்காக நாளாந்தம் ஊசி. மொத்தம் 14 ஆயிரம் குளிசை வரை. அந்த ஊசியால் பலருக்குக் காது கேட்காமல் போனது. உயிர் பிழைக்கக் காதைக் கொடு என்ற பேரம் அது.

கரண்டை நிறுத்தும் மருந்து

இந்த மௌனத்தை உடைத்த மருந்தின் பெயர் பெடாகுயிலின். பெல்ஜியத்தில் ஜான்சன் அன்ட் ஜான்சன் கம்பனியைச் சேர்ந்த யான்சன் ஆய்வுகூடத்தில் கூன் ஆந்திரிஸ் என்ற விஞ்ஞானியின் குழு இதைக் கண்டுபிடித்தது.

காசநோய்க் கிருமி ஒன்று இரண்டாவதற்கு ஏறத்தாழ ஒரு நாள் எடுக்கும். ஆபத்தானதும்கூட. அதனால் அவர்கள் முதலில் அதன் உறவுக்காரக் கிருமி ஒன்றை எடுத்துக்கொண்டார்கள். அது வேகமாக வளரும், ஆளுக்கு அவ்வளவு தீங்கு செய்யாது. ஆயிரம் ஆயிரமாக இரசாயனச் சேர்வைகளை அதன் மீது போட்டுப் பார்த்தார்கள். கிட்டத்தட்ட எல்லாமே தோற்றன. கிருமியின் வளர்ச்சியை நிறுத்திய ஒரு வகைச் சேர்வையை எடுத்துத் திருத்தித் திருத்தி, உண்மையான காசநோய்க் கிருமியின் மீதும் சோதித்து, 2005இல் முடிவை வெளியிட்டார்கள்.

அது வேலை செய்யும் விதமும் புதியது. எந்த உயிருக்கும் சக்தி வேண்டும். கிருமிக்குள்ளும் சக்தி செய்யும் ஒரு சிறிய சுழலி இருக்கிறது. பெடாகுயிலின் அந்தச் சுழலியைப் பிடித்து நிறுத்துகிறது. தேயிலைத் தொழிற்சாலையில் கரண்ட் நின்றால் ரோதை நிற்கும், அடுப்பு ஆறும், எல்லாம் நிற்கும் அல்லவா? அப்படித்தான். பதுங்கிக் கிடக்கும் கிருமிக்கும் சக்தி தேவை என்பதால் அதையும் இது விடுவதில்லை. பழைய மருந்துகள் தாக்காத இடத்தில் இது தாக்குவதால், அவற்றுக்குப் பழகிய கிருமி இதற்குத் தடுமாறுகிறது.

2012 டிசம்பரில் அமெரிக்காவில் இதற்கு அனுமதி கிடைத்தது. அடுத்து ஜப்பானிய கம்பனி ஒன்றின் டெலாமனிட் வந்தது. 2019இல் பிரெட்டோமனிட் வந்தது. இந்த மூன்றாவது மருந்தை முடிவு வரை கொண்டு வந்தது இலாபம் தேடும் கம்பனி அல்ல. காசநோய் மருந்துக்காகவே 2000ஆம் ஆண்டில் தொடங்கப்பட்ட டீபி அலையன்ஸ் என்ற இலாப நோக்கற்ற அமைப்பு, அரசாங்கங்களும் அறக்கட்டளைகளும் கொடுத்த பணத்தில் அதைச் செய்தது.

தென்னாபிரிக்காவில் பெடாகுயிலின், பிரெட்டோமனிட், லினெசோலிட் ஆகிய மூன்றையும் சேர்த்து, மிகக் கடுமையான வகைக் காசநோய் உள்ள 109 பேருக்கு ஆறு மாதம் கொடுத்துப் பார்த்தார்கள். பத்துக்கு ஒன்பது பேர் குணமானார்கள். முன்பு இவர்களில் பெரும்பாலானோர் இறக்கும் நிலையில் இருந்தவர்கள். ஆனால் லினெசோலிட்டால் பலருக்குக் கைகால் விறைப்பு, இரத்தசோகை ஏற்பட்டது. அதனால் அடுத்த சோதனையில் அதன் அளவைப் பாதியாக்கினார்கள், குணம் குறையவில்லை. எல்லைகளற்ற வைத்தியர்கள் அமைப்பு நடத்திய மற்றொரு சோதனையில் இந்த மூன்றுடன் மொக்சிஃப்ளொக்ஸசினும் சேர்க்கப்பட்டது. புதிய முறையில் 100க்கு 89 பேருக்கு நல்ல முடிவு. பழைய முறையில் 52 பேருக்கு மட்டுமே. 2022 டிசம்பரில் உலக சுகாதார நிறுவனம் இந்த ஆறு மாதச் சிகிச்சையைப் பரிந்துரைத்தது. ஊசி இல்லை, இரண்டு வருடம் இல்லை. குளிசை மட்டும், ஆறு மாதம்.

காது கேட்காத இரண்டு பெண்கள் கம்பனியை மறித்த கதை

மருந்து வந்துவிட்டது என்பதால் மக்கள் கைக்கு வந்துவிடவில்லை. பெடாகுயிலின் வந்த புதிதில் ஆறு மாத மருந்துக்கு விலை ஏழை நாடுகளுக்கு 900 டொலர், நடுத்தர நாடுகளுக்கு 3,000 டொலர், பணக்கார நாடுகளுக்கு 30,000 டொலர். "கம்பனி கோடிக்கணக்கில் செலவழித்தது, இலாபம் எடுக்காமல் எப்படி?" என்று கேட்பவர்கள் உண்டு. கேட்க வேண்டிய கேள்விதான். பதில் இதுதான். இந்த மருந்தைச் சோதித்து முன்னேற்றியதில் பொதுப் பணம் கம்பனி போட்ட பணத்தை விட அதிகம் என்று 2020இல் வெளியான ஆய்வு ஒன்று கணக்கிட்டது. அதற்கும் மேலாக, தங்கள் உடம்பைச் சோதனைக்குக் கொடுத்தவர்கள் தென்னாபிரிக்கா போன்ற நாடுகளின் ஏழை நோயாளர்கள். முதலில் பங்கு போட்ட எல்லோரையும் மறந்துவிட்டு இலாபத்தை மட்டும் ஒருவர் எடுப்பது என்ன நியாயம்?

2018இல் தென்னாபிரிக்க அரசு பேசி விலையை 400 டொலராகக் குறைத்தது. காதைச் செவிடாக்கும் ஊசியை நிறுத்தி இந்த மருந்தைக் கொடுக்கப் போவதாகவும் அறிவித்தது. அப்படியும் கம்பனியின் ஆக்கவுரிமை, அதாவது பேட்டன்ட், இருக்கும் வரை வேறு யாரும் அந்த மருந்தைச் செய்து மலிவாக விற்க முடியாது. அது 2023 ஜூலையில் முடிய இருந்தது. கம்பனி மருந்தின் உப்பு வடிவத்துக்குத் தனியாக இன்னொரு உரிமை கேட்டு, 2027 வரை நீட்டிக்கப் பார்த்தது.

இந்தியாவில் அந்த விண்ணப்பத்தை எதிர்த்து 2019இல் மனுப் போட்டவர்கள் இரண்டு இளம் பெண்கள். ஒருவர் இந்தியாவின் நந்திதா வெங்கடேசன். மற்றவர் தென்னாபிரிக்காவின் பூமேசா திசிலே. இருவரும் காசநோயிலிருந்து மீண்டவர்கள். இருவரும் அந்தப் பழைய ஊசியால் கேட்கும் சக்தியை இழந்தவர்கள். "எங்களுக்கு நடந்தது இனி யாருக்கும் நடக்கக்கூடாது" என்பதே அவர்கள் வாதத்தின் சாரம். நான்கு வருடம் விடாமல் நின்றார்கள். 2023 மார்ச்சில் இந்திய ஆக்கவுரிமை அலுவலகம் கம்பனியின் விண்ணப்பத்தை நிராகரித்தது. அதே வருடம் உலகம் முழுதும் எழுந்த எதிர்ப்பால், வேறு பல நாடுகளுக்கும் மலிவு மருந்து போகக் கம்பனி வழிவிட்டது. ஏழை நாடுகளுக்காக மருந்து வாங்கும் சர்வதேச அமைப்பு கொடுத்த விலை சில மாதத்திலேயே 289 டொலரிலிருந்து 130 டொலருக்கு இறங்கியது.

தொழிற்சங்கத்தில் இருக்கும் எமக்கு இதில் ஒரு பாடம் உண்டு. விலை தானாக இறங்கவில்லை. கருணையாலும் இறங்கவில்லை. பாதிக்கப்பட்டவர்களே சேர்ந்து, ஆவணங்களைப் படித்து, வழக்கறிஞர்களையும் வைத்தியர்களையும் துணைக்குச் சேர்த்துக்கொண்டு கேட்டதால்தான் இறங்கியது.

"நம்ம நாட்டில் அது குறைவுதானே?"

இப்படிச் சில தலைவர்மார் எங்களிடம் கேட்கிறார்கள். உண்மைதான். இலங்கையில் ஒரு வருடத்தில் எட்டாயிரம், ஒன்பதாயிரம் பேரளவில் காசநோயாளர்கள் கண்டுபிடிக்கப்படுகிறார்கள். அவர்களில் மருந்துக்கு அடங்காத வகை உள்ளவர்கள் மிகக் குறைவு. எமது இலவச சுகாதார சேவைக்கும், மாவட்ட மார்பு நோய்ச் சிகிச்சை நிலையங்களில் வேலை செய்பவர்களுக்கும் அதில் பெரிய பங்கு உண்டு. அதைப் பாராட்டவே வேண்டும்.

ஆனால் குறைவாக இருக்கும்போதுதான் காவல் காக்க வேண்டும். நோய் இருந்தும் கண்டுபிடிக்கப்படாதவர்கள் ஆயிரக்கணக்கில் உண்டு என்பது உலக சுகாதார நிறுவனத்தின் மதிப்பீடு. அவர்கள் எங்கே இருக்கிறார்கள்? கொழும்புத் தோட்டங்களில் இருக்கலாம், எமது லயங்களிலும் இருக்கலாம். காற்றோட்டம் இல்லாத பத்தடிக் காம்பராவில் ஆறேழு பேர் படுக்கும் இடத்தில் ஓர் இருமல் எத்தனை பேருக்குப் போகும் என்று யோசித்துப் பாருங்கள்.

மேலும், புதிய மருந்தும் என்றென்றைக்கும் நிலைக்காது. பெடாகுயிலினுக்கே அடங்காத கிருமி தென்னாபிரிக்கா, மொசாம்பிக் போன்ற நாடுகளில் ஏற்கெனவே தெரியத் தொடங்கிவிட்டது. அதே குடும்பத்தைச் சேர்ந்த இன்னும் பலமான மருந்தை இப்போது மனிதர்களில் சோதித்து வருகிறார்கள். ஆனால் 2025 தொடக்கத்தில் அமெரிக்கா வெளிநாட்டு உதவிகளை நிறுத்தியபோது பல நாடுகளில் காசநோய்ச் சிகிச்சையும் ஆய்வுகளும் தடைப்பட்டன. 2022 நெருக்கடியில் எமது ஆஸ்பத்திரிகளில் சாதாரண மருந்துகூட இல்லாமல் தவித்ததை நாம் மறக்கவில்லை. ஒரு மருந்தைக் கண்டுபிடிக்க இருபது வருடம் எடுக்கும். அதைப் பாழாக்க, இடையில் நிற்கும் சிகிச்சைகள் சில வருடம் தொடர்ந்தால் போதும்.

விஞ்ஞானி தன் வேலையைச் செய்தார். நோயாளர்கள் போராடி விலையைக் குறைத்தார்கள். மிஞ்சிய வேலை எம்முடையது. கையில் இருக்கும் ஆறு மாதக் குளிசையை ஆறு மாதமும் குடித்து முடிக்க ஒரு தொழிலாளிக்கு வழி செய்வதுதான் அது.

அறுபது வருடத்துக்கு முன் சென்னை சொன்னது

1956இல் சென்னையில் காசநோய் மருந்துச் சிகிச்சை ஆய்வு நிலையம் ஒன்று தொடங்கப்பட்டது. அந்தக் காலத்தில் காசநோய் என்றால் சானடோரியத்தில் மாதக்கணக்காகப் படுக்க வேண்டும், நல்ல சாப்பாடு, நல்ல காற்று வேண்டும் என்பதே நம்பிக்கை. அந்த ஆய்வில் நகரத்தின் ஏழை நோயாளர்களில் ஒரு பகுதியினரைச் சானடோரியத்திலும், மறு பகுதியினரை அவர்களுடைய நெருக்கமான வீடுகளிலேயே வைத்தும் ஒரே மருந்தைக் கொடுத்தார்கள். 1959இல் முடிவு வந்தது. வீட்டில் இருந்தவர்களும் ஏறக்குறைய அதே அளவில் குணமானார்கள். வீட்டில் நோயாளர் இருந்ததால் குடும்பத்தினருக்கு நோய் கூடுதலாகப் பரவவும் இல்லை. காரணம், மருந்து ஒழுங்காகக் கிடைத்தது, வீடு தேடிப் போய்ப் பார்த்தார்கள்.

ஆகவே லயத்தில் வாழ்பவனுக்கு ஆறு மாத மருந்தைக் கொண்டு நடத்தத் தெரியாது என்று யாரும் சொல்ல வேண்டாம். ஏழைகளால் முடியும் என்பது அறுபது வருடத்துக்கு முன்பே நிரூபிக்கப்பட்டது. முடியாமல் செய்வது தூரமும், போகும் பேரும், வெட்கமும்தான்.

இன்னொன்று சாப்பாடு. இந்தியாவின் ஜார்க்கண்ட் மாநிலத்தில் 2019 முதல் 2022 வரை நடந்த ஆய்வில் காசநோயாளர் குடும்பங்களுக்கு அரிசி, பருப்பு, எண்ணெய், பால்மா என்று மாதாமாதம் கொடுத்தார்கள். அந்த வீடுகளில் மற்றவர்களுக்கு நோய் வருவது ஏறத்தாழப் பாதியளவு குறைந்தது. ரொட்டியும் தேத்தண்ணியும் குடித்துவிட்டு மலையேறும் எமது தாய்மாருக்கு இதை விளக்கிச் சொல்லத் தேவையில்லை.

நாம் கேட்க வேண்டியவை

வாரம் ஒரு நாள் என்றால் ஆறு மாதத்தில் 26 நாள். ஒரு தொழிலாளியின் உயிருக்கும் மற்ற லயத்துப் பிள்ளைகளின் பாதுகாப்புக்கும் தோட்ட நிர்வாகம் கொடுக்க வேண்டியது 26 நாள் பேர். இதைப் பெரிய செலவு என்று சொல்லும் கம்பனி எதுவாக இருந்தாலும், அதன் கணக்கை எமக்குக் காட்டட்டும்.

ஆகவே நாங்கள் முன்வைப்பது இவைதான்.

முதலாவது, காசநோய்ச் சிகிச்சையில் இருப்பவர் கிளினிக் போகும் நாளுக்கும் குளிசை எடுக்கும் நாளுக்கும் முழுப் பேர் போட வேண்டும். அடுத்த சம்பளப் பேச்சுவார்த்தையில் இது எழுத்தில் வர வேண்டும். வேலை செய்ய முடியாத முதல் வாரங்களுக்கு சம்பளத்துடன் லீவு வேண்டும். நோயைக் காரணம் காட்டி ஒருவரையும் வேலையிலிருந்து நிறுத்தக்கூடாது.

இரண்டாவது, குளிசை தோட்டத்துக்கு வர வேண்டும். பிரட்டுக்குப் போகும் முன் தோட்ட டிஸ்பென்சரியிலோ பிள்ளைக் காம்பராவிலோ பொறுப்பான ஒருவர் முன்னால் குடித்துவிட்டுப் போக ஏற்பாடு செய்வது பெரிய காரியம் அல்ல. அப்படி நடந்தால் அந்த 26 நாளிலும் பெரும் பகுதி மிஞ்சும்.

மூன்றாவது, சிகிச்சை முடியும் வரை அந்தக் குடும்பத்துக்கு உலர் உணவு. சமூக சேவைத் திணைக்களத்தின் ஊடாகக் காசநோயாளர்களுக்கு உதவிப் பணம் பெறும் வழி உண்டு. கிராம உத்தியோகத்தரிடமும் பிரதேச செயலகத்திலும் விசாரியுங்கள். விண்ணப்பம் நிரப்புவதற்கு எங்களிடம் வாருங்கள்.

நான்காவது, காற்றும் வெளிச்சமும் உள்ள வீடு. தனி வீட்டுக் கோரிக்கை மானத்துக்கான கோரிக்கை மட்டுமல்ல, நெஞ்சுக்கான கோரிக்கையும்கூட. வீடு வரும் வரை லயத்துக் காம்பராவுக்கு ஒரு ஜன்னலாவது வைக்கச் சொல்வோம்.

ஐந்தாவது, பெருந்தோட்டச் சுகாதாரத்தை அரசு முழுமையாகப் பொறுப்பேற்க வேண்டும் என்ற எமது பழைய கோரிக்கை. புதிய மருந்துகள் தட்டுப்பாடில்லாமல் நாட்டில் இருக்கவும், மருந்து உரிமையை நீட்டிக்கும் எந்த வியாபார உடன்படிக்கையிலும் அரசு கையெழுத்து வைக்காமல் இருக்கவும் தொழிற்சங்கங்கள் சேர்ந்து குரல் கொடுக்க வேண்டும்.

நாம் செய்ய வேண்டியவை

கேட்பதோடு எமது வேலை முடியாது. இரண்டு வாரத்துக்கு மேல் இருமல், மாலையில் காய்ச்சல், இரவில் வியர்வை, உடம்பு மெலிவு, சளியில் இரத்தம் இவற்றில் எது இருந்தாலும் "பனி" என்று சொல்லிக்கொண்டிருக்காமல் சளியைப் பரிசோதிக்கக் கொடுங்கள். பரிசோதனையும் மருந்தும் அரசாங்க ஆஸ்பத்திரிகளில் இலவசம். ஒவ்வொரு தோட்டக் கமிட்டியிலும் ஒருவர், முடிந்தால் மாதர் சங்கத் தலைவியே, இதற்குப் பொறுப்பெடுக்க வேண்டும். யாருக்கு நோய் என்று ஊருக்குச் சொல்வதற்காக அல்ல. யார் இந்த வாரம் குளிசை எடுக்கப் போகவில்லை, ஏன் போகவில்லை என்று அக்கறையாகக் கேட்பதற்காக.

பீலிக்கரையில் குடத்தைத் தள்ளி வைக்காதீர்கள். காசநோய் குடத்தாலும் கோப்பையாலும் தொற்றுவதில்லை, காற்றால் தொற்றுகிறது. முறையாக மருந்து தொடங்கிய சில வாரத்திலேயே மற்றவருக்குத் தொற்றும் தன்மை பெரிதும் குறைந்துவிடுகிறது. மருந்து குடிக்கும் ஆளை விட, பயத்தாலும் வெட்கத்தாலும் மருந்து குடிக்காமல் மறைக்கும் ஆளால்தான் லயத்துக்கு ஆபத்து. அந்த வெட்கத்தை உண்டாக்குவது எமது வாய்தான்.

நாங்கள் சொன்ன அந்த அம்மாவுக்கு இன்னும் இரண்டு மாத மருந்து இருக்கிறது. இந்த முறை அவருக்குக் குளிசை எடுக்கப் பக்கத்து லயத்து அக்காமார் இருவர் முறை வைத்துத் துணைக்குப் போகிறார்கள். போன மாதம் சங்கத்திலிருந்து பஸ் காசு கொடுத்தோம். போகும் பேரை யாரும் இன்னும் தரவில்லை. அதை வாங்கிக் கொடுப்பது எமது கடமை. அடுத்த மாதக் கமிட்டிக் கூட்டத்தில் முதல் விடயமாக இதை எடுப்போம். உங்கள் தோட்டத்திலும் எடுங்கள்.